முழு உடல் பெட்-சிடி: நோயாளியின் டோஸ் கணக்கில் உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் எஃப்டிஜி (ஃப்ளோரின்-18 சேர்ந்த கதிரியக்கச் சர்க்கரை மருந்து) ஊசி போட்டு பெட்-சிடி ஸ்கேன் எடுப்பவர்கள் ஒவ்வொருவரின் கதிர்வீச்சு அளவையும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். மருந்தின் பங்கில் எனக்குக் குழப்பம் இல்லை. ஊசி போடும் முன் சிரிஞ்சை டோஸ் கேலிபிரேட்டரில் (கதிரியக்கத்தை அளக்கும் கருவி) வைத்து அளக்கிறோம். போட்டபின் சிரிஞ்சில் ஒட்டியிருக்கும் மிச்சத்தையும் அளந்து கழிக்கிறோம். ஃப்ளோரின்-18 பாதியாகக் குறைய 110 நிமிடம்தான், அதனால் ஒவ்வொரு அளவீட்டின் நேரத்தையும் குறித்துவிடுகிறோம். பெரியவர்களுக்கு ஐசிஆர்பி 128 (சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் 128-ஆம் வெளியீடு) தரும், மெகாபெக்கரலுக்கு 0.019 மில்லிசீவர்ட் என்ற காரணியால் பெருக்கினால் 370 மெகாபெக்கரலுக்கு ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட்.

சிடியில்தான் மாட்டிக்கொண்டேன். மண்டையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடை வரை ஒரே ஓட்டம், கன்சோலில் ஒரே டிஎல்பி (ஸ்கேன் நீளம் முழுவதற்குமான சிடி கதிர்வீச்சு அளவு). அதை மில்லிசீவர்ட்டாக மாற்றும் காரணியோ உடற்பகுதிக்கு 0.015, கழுத்துக்கு 0.0059. மொத்தத்துக்கும் 0.015 போட்டால் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும் என்றே தோன்றுகிறது. தொடையில் கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிப்படையும் உறுப்புகள் குறைவு. ஸ்லைஸ் வாரியாக ட்யூப் கரண்டைப் (எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டம்) பார்த்து டிஎல்பியைப் பகுதி பகுதியாகப் பிரிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், குழந்தைகள். ஐந்து வயதுக்கு மருந்தின் காரணியே 0.056. சிடிக்கு கன்சோல் 16 செ.மீ. ஃபான்டமில் (உடலுக்குப் பதிலாக வைத்து அளக்கும் பிளாஸ்டிக் உருளை) சொல்கிறதா, 32 செ.மீ. ஃபான்டமிலா என்று பார்த்துத்தான் காரணியை எடுக்கிறீர்களா? பெற்றோர் கேட்கும்போது சரியான எண்ணைச் சொல்ல வேண்டும். உங்கள் கணக்கீட்டுத் தாளின் மாதிரி இருந்தால் பகிருங்கள்.