மாவட்ட வரைபடத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசிய குடும்பநல ஆய்வு (என்.எஃப்.எச்.எஸ்.) ஆகியவற்றின் தரவை ஏற்றும்போது எங்கெங்கே சறுக்கும்?

2011 கணக்கெடுப்புத் தரவை ஏற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, கையில் இருக்கும் வரைபடம் எந்தத் தேதியின் எல்லை என்பதைத்தான். கணக்கெடுப்பில் நாடு முழுக்க 640 மாவட்டங்கள், தமிழ்நாட்டில் 32. நான்காவது தேசிய குடும்பநல ஆய்வும் அதே 640. ஐந்தாவது 707 மாவட்டங்களை எடுத்தது. அது 2017 மார்ச் 31 அன்று இருந்த பட்டியல், அதிலும் தமிழ்நாட்டுக்கு 32தான். இப்போது கிடைக்கும் ஷேப்ஃபைலில், அதாவது எல்லைகள் அடங்கிய வரைபடக் கோப்பில், 38. பழைய தரவை அதோடு இணைத்தால் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் வெள்ளையாக நிற்கும். வெள்ளை கண்ணில் படும், யாராவது கேட்டுவிடுவார்கள். பக்கத்தில் நிறம் ஏறி நிற்கிற வேலூர்தான் வில்லங்கம். அந்த எண் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் உள்ளடங்கிய பழைய வேலூருடையது.

சென்னை இன்னும் மோசம். பெயர் அதேதான், 2018இல் எல்லை மட்டும் விரிந்து சுமார் 175 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. 2011இன் 46.47 லட்சம் பேரைப் புதிய பரப்பால் வகுத்தால் அடர்த்தி 10,900 சொச்சம் வரும். கணக்கெடுப்பு வெளியிட்டது 26,553. கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருள் ஒரு பிழைச்செய்தியும் காட்டாது.

பழைய தரவுக்குப் பழைய வரைபடம் என்று வைத்துக்கொள்வதே உத்தமம். புதிய மாவட்டவாரியாகத்தான் வேண்டுமென்றால் 2011இன் கிராம, நகரக் குறியீடுகளிலிருந்து கூட்டி மேலே வர வேண்டும். வட்டங்களும் பிரிந்திருப்பதால் வட்ட அளவிலிருந்து கூட்டுவது போதாது. குடும்பநல ஆய்வில் இந்த வழியே கிடையாது, அது மாதிரி ஆய்வு.

*

எல்லை சரியாக இருந்தாலும் பெயரை வைத்து இணைக்காதீங்க. 2011 பட்டியலில் அவுரங்காபாத் பீகாரிலும் உண்டு, மகாராஷ்டிராவிலும் உண்டு. பிலாஸ்பூர், ஹமீர்பூர், பிரதாப்கர், பீஜப்பூர் எல்லாம் இதே கதைதான். கணக்கெடுப்பு தந்திருக்கும் மாநில, மாவட்டக் குறியீட்டு எண்ணை வைத்து இணைங்க.

அதிலும் ஒரு பொறி: எக்செலில் சும்மா திறந்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். மாநிலக் குறியீடுகளில் ஜம்மு காஷ்மீர் 01இல் தொடங்கி உத்தரப் பிரதேசம் 09 வரை அடிபடும். தமிழ்நாடு 33, அதனால் நம்ம ஊர்த் தரவை மட்டும் தொடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நாடு முழுக்கப் போடும்போதுதான் வட இந்தியா காலியாக நிற்கும். குறியீட்டுப் பத்திகளை உரை வகையாகக் குறித்து இறக்குமதி செய்தால் தீர்ந்தது.

கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்கக் கோப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று வரிசைகள் இருக்கும். வடிகட்டாமல் கூட்டினால் மக்கள்தொகை இரட்டிப்பாகும். எழுத்தறிவு விகிதத்தில் 0–6 வயதைக் கழித்துவிட்டு வகுக்கணும். தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் 5.18 கோடி, மொத்தம் 7.21 கோடி, அப்படியே வகுத்தால் 71.8 விழுக்காடு. 74 லட்சம் குழந்தைகளைக் கழித்தால்தான் அதிகாரப்பூர்வமான 80.09.

*

குடும்பநல ஆய்வின் தனிநபர் கோப்பை எடுப்பவர்களுக்கு: வி005 என்ற பத்தியில் இருக்கும் மாதிரி எடையை (ஒவ்வொருவரின் பதிலுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கான எண்) பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்துங்கள். எடை போடாமல் மாநிலச் சராசரி எடுத்தால் சின்ன மாவட்டங்களின் குரல் ஓங்கிவிடும். காரணம், மாவட்டத்துக்கு மாவட்டம் ஓரளவு ஒரே எண்ணிக்கையில்தான் வீடுகளை எடுத்திருக்கிறார்கள், அங்கே வாழும் மக்களுக்கு ஏற்ற விகிதத்தில் அல்ல.

குடும்ப வன்முறைக் கேள்விகள் 15 விழுக்காடு வீடுகளின் துணைமாதிரியில் மட்டும், அதிலும் ஒரு வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்கப்பட்டவை. எடையும் வேறு, டி005. அதை மாவட்டவாரியாக வண்ணம் தீட்டிய வரைபடங்கள் உலவுகின்றன. அந்தக் கேள்விகள் மாநில அளவு மதிப்பீட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை; மாவட்ட நிறங்களில் தெரிவது பெரும்பாலும் மாதிரியின் குலுக்கல்தான். ஆய்வின் சொந்த அறிக்கையே 25 முதல் 49 பேரை வைத்துக் கிடைத்த எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுகிறது, 25க்குக் கீழே என்றால் நட்சத்திரக் குறி போட்டு எண்ணையே மறைத்துவிடுகிறது. நம் வரைபடத்திலும் அதையே பின்பற்றினால் என்ன?

ஆய்வு நடந்த கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் புள்ளிகளாகத் தரும் ஜிபிஎஸ் கோப்பைத் தொடுபவர்கள் கூடுதல் கவனம். தகவல் தந்தவர்களை அடையாளம் காணக் கூடாது என்பதற்காகப் புள்ளிகளை வேண்டுமென்றே நகர்த்தியிருக்கிறார்கள்: நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரை, ஊரகத்தில் 5 வரை, ஊரகப் புள்ளிகளில் நூற்றில் ஒன்று 10 வரை. ஆகவே 'அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர்' என்ற கணக்கை ஊரகப் புள்ளியிலிருந்து போடுவதில் அர்த்தமில்லை. மழையளவு, தாவர அடர்த்தி போன்றவற்றை எடுக்கும்போது புள்ளியின் மதிப்பை விட்டுவிட்டு, நகர்ப்புறத்துக்கு 2, ஊரகத்துக்கு 5 கிலோமீட்டர் வட்டம் போட்டு அதன் சராசரியை எடுங்கள். ஆயத்தொலைவு கிடைக்காத புள்ளிகளுக்கு 0, 0 என்று இருக்கும். நீக்காவிட்டால் அவை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் போய் விழும், வரைபடமும் அத்தனை தூரம் சுருங்கிவிடும்.

*

இந்திய நில அளவைத் துறையின் எல்லைக் கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயர்களில், 'நாடு' (N>DU) என்பதில் 'ஆ' இருக்க வேண்டிய இடத்தில் > என்று நிற்கும். கோப்பு பழுதில்லை, நெடிலுக்கான குறி அது. பெயர்ப் பத்தியைப் பயன்படுத்தும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷேப்ஃபைலாகச் சேமித்தால் பத்தித் தலைப்புகள் பத்து எழுத்தோடு வெட்டுப்படும்; ஒரே மாதிரித் தொடங்கும் குறியீட்டுப் பெயர்கள் குழம்பும். அதற்குப் பதில் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவம் போதும். எல்லைக் கோடுகளை எளிமையாக்க மேப்ஷேப்பர் என்ற கருவி நல்லது. மாவட்டங்களைத் தனித்தனியாக எளிமைப்படுத்தும் கருவிகளில் பக்கத்து எல்லைகளுக்கு நடுவே இடுக்கு விழும். பரப்பளவுக்கு யூடிஎம் வீழல் (உருண்டையான பூமியை மண்டலம் மண்டலமாகத் தட்டையாக்கும் முறை) வேண்டாம். தமிழ்நாடு 43, 44 இரண்டு மண்டலங்களிலும் கிடக்கிறது: கோவை ஒன்றில், சென்னை மற்றொன்றில். பரப்பு மாறாமல் காட்டும் சம பரப்பு வீழலில் கணக்கிடுங்கள்.

*

மேலே முதலில் சொன்ன எல்லைச் சிக்கல் 2027 கணக்கெடுப்போடு இன்னும் பெரிதாகும். அதற்கான நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31 நிலவரப்படி. 2011இல் ஆந்திரப் பிரதேசத்தின் குறியீடு 28க்குள் பத்து மாவட்டங்களாக இருந்த தெலங்கானா இப்போது தனி மாநிலம், 33 மாவட்டங்கள். அரசின் உள்ளாட்சி அடைவில் (எல்ஜிடி) கிராமவாரியாக 2011 குறியீடும் ஒரு பத்தியாக உண்டு. பழைய, புதிய குறியீடுகளைப் பொருத்தும் பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம். அடைவின் மாவட்டக் குறியீடும் கணக்கெடுப்பின் மாவட்டக் குறியீடும் வெவ்வேறு தொடர்கள், இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுவிடாதீர்கள்.