இங்கிலாந்தில் வீட்டிலிருந்தே ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு விற்க முடியுமா?

குழித்துறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் குழித்துறை. மார்த்தாண்டத்தில் அப்பாவுக்கு ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) சிப்ஸ் கடை. பன்னிரண்டு வருடமாக நானும் சட்டி முன்னால்தான் நிற்கிறேன். மனைவி நர்ஸ். போன வருடம் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் பர்மிங்ஹாம் போனாள். அடுத்த மாதம் நானும் மகளும் டிபென்டன்ட் விசாவில் போகிறோம்.

போனதும் குடோனில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். செய்வேன், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குக் கைவந்தது சிப்ஸ்தான். காய் விழுந்ததும் எண்ணெயில் எழும்புகிற இரைச்சல் மெல்ல அடங்கி, கரண்டியால் அள்ளும்போது கலகலவென்று கேட்க வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்தே இறக்கிவிடுவேன். இதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

வீட்டு அடுக்களையில் போட்டு விற்க அங்கே அனுமதி உண்டா? ஏத்தங்குலை கிடைக்குமா? அம்மாவிடம் முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் படித்திருக்கிறேன், அதையும் சேர்க்கலாமா? மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் பத்துப் பாட்டில் கொண்டுபோனால் நல்ல விலைக்குப் போகும் என்று மச்சான் சொல்கிறான். அது சரிப்படுமா?

கருங்கல் அக்கா:

தம்பி, நான் 2019-ல் இங்கே வந்தேன். வீட்டுக்காரர் நர்ஸ், நான் உன்னைப்போல டிபென்டன்ட். மூன்று வருடமாக வீட்டில் பலகாரம் போட்டு விற்கிறேன்.

முதலில் விசாவைப் பார். டிபென்டன்டாக வருகிற கணவனோ மனைவியோ சொந்தத் தொழில் செய்யலாம். நர்ஸ் வேலைக்கு விசா வாங்கினவர் அப்படிச் செய்யக் கூடாது. அதனால் தொழில் உன் பெயரில் இருக்கட்டும், நடத்துவதும் நீயாகவே இரு. மனைவி பெயரில் பதியலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே, அவள் விசாவை வைத்துத்தான் குடும்பமே இங்கே நிற்கிறது.

வீட்டு அடுக்களையில் போடலாம். ஆனால் விற்கத் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாள் முன்னால் உங்கள் ஊர் கவுன்சிலில் உணவுத் தொழில் என்று பதிய வேண்டும். அதற்குக் காசு கிடையாது, மறுக்கவும் மாட்டார்கள். அப்புறம் ஆள் வந்து அடுக்களையைப் பார்த்து, சுத்தத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். என்னிடம் கை கழுவுவது எங்கே, துடைக்கிற துணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாறும், பிள்ளைகள் அடுக்களைக்குள் வருவார்களா என்றெல்லாம் கேட்டார்கள். வாடகை வீடு என்றால் வீட்டு ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடு, பிறகு மனக்கசப்பு வேண்டாம்.

தேன் வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் 2 கிலோ வரை கொண்டுவரலாம். விற்பதற்கு என்றால் அது இறக்குமதி. சுகாதாரச் சான்றிதழ் உட்பட வேறு வழி, வேறு செலவு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது லேபிள் சமாச்சாரம். ஊரில் பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்தால் முடிந்தது. இங்கே 14 பொருள்களை ஒவ்வாமைப் பொருள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். நம் பலகாரத்தில் எது இருந்தாலும் லேபிளில் எடுப்பாகத் தெரிய வேண்டும். கோதுமை, முட்டை, எள், கடுகு, முந்திரிப் பருப்பு எல்லாம் அதில் உண்டு. தேங்காய் கிடையாது.

முதல் வருடக் கிறிஸ்துமஸுக்கு, சர்ச் ஹாலில் ஒரு மேசை போட்டு முந்திரிக்கொத்து வைத்திருந்தேன். ஒரு அம்மா குழந்தையோடு வந்து, பெயரில் முந்திரி இருக்கிறதே, பருப்பு சேர்ந்ததா என்று கேட்டார். நமக்குத்தான் தெரியுமே, உள்ளே சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான், பெயர்தான் முந்திரி. இல்லவே இல்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். பத்தடி போயிருப்பார், எனக்குச் சட்டென்று உறைத்தது. பயற்றோடு வறுத்த எள்ளும் சேர்த்திருந்தேன். ஓடிப்போய்ப் பிடித்தேன். அந்தக் குழந்தைக்கு ஒவ்வாமையே எள்தான். உருண்டை அதன் கையில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. அன்றைக்கு மேசையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன்.

இங்கே 2016-ல் நடாஷா என்ற பதினைந்து வயதுப் பிள்ளை, லேபிளில் எழுதாத எள் கலந்த ரொட்டியைத் தின்று செத்துப்போனாள். விற்கிற இடத்திலேயே பாக்கெட் போடுகிற பண்டத்துக்கும் முழுப் பொருள் பட்டியல் வேண்டும் என்று 2021 அக்டோபரில் வந்த சட்டத்தை அவள் பெயரால்தான் சொல்கிறார்கள்.

முந்திரிக்கொத்து மேல்மாவில் ஒரு கை மைதா சேர்ப்பாய் என்றால் கோதுமை என்று எழுத வேண்டும். அச்சப்பத்துக்கு முட்டை, எள். காயப்பொடி (பெருங்காயத்தூள்) டப்பாவைத் திருப்பிப் பார், பெரும்பாலும் அதிலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அளவு கண்ணிலேயே இருந்தால் போதாது. அம்மாவிடம் உட்கார்ந்து, என்னென்ன சேருகிறது என்று ஒன்று விடாமல் இப்போதே எழுதி வாங்கு.

குளச்சல் அண்ணன்:

மக்கா, நான் பதினெட்டு வருடம் வளைகுடாவில் இருந்தேன். லைசன்ஸ் இல்லாமல் ரூமில் மீன் ஊறுகாய் போட்டு விற்று மாட்டிக்கொண்டவர்களைக் கண்ணால் பார்த்தவன். கருங்கல் பிள்ளை சொன்னபடி முறையாகப் பதிந்துவிட்டே முதல் பாக்கெட்டை விற்றுக்கொள். முதல் ஆறு மாதம் குடோன் வேலையை விடாதே. மகளுக்குக் குளிர் உடுப்பு வாங்கவே நிறையக் காசு போகும்.

நாகர்கோவில் கணக்கு:

நான் லண்டனில் கணக்கு எழுதுகிறேன். இங்கே வரி வருடம் ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. சொந்தத் தொழிலில் வருடத்துக்கு 1,000 பவுண்டு வரை விற்றால் வரி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது லாபம் அல்ல, செலவைக் கழிக்காத மொத்த வரவு. அதைத் தாண்டினால் அந்த வரி வருடம் முடிந்து வருகிற அக்டோபர் 5-க்குள் பதிந்து, ஜனவரி 31-க்குள் ஆன்லைனில் கணக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே காய் வாங்கின சீட்டு, எண்ணெய் வாங்கின சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வை. குடோன் சம்பளத்தோடு இதுவும் சேரும், மறந்துவிடாதே.

குழித்துறைக்காரன்:

ரொம்ப நன்றி. எள்ளு விஷயத்தைப் படித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். உடனே காயப்பொடி டப்பாவை எடுத்துப் பார்த்தாள். கோதுமை இருக்கிறது! அக்கா, காயும் எண்ணெயும் பற்றிச் சொல்லவில்லையே. உருளியைக் கொண்டுவரலாமா?

கருங்கல் அக்கா:

நேந்திரன் மலையாளிக் கடைகளில் கிடைக்கும், விமானத்தில் வருவதால் விலை தாங்காது. ஆப்பிரிக்கக் கடையில் பிளான்டேன் கேள். நம் ஏத்தனும் அதே வகைதான். தோல் நல்ல பச்சையாக, தட்டினால் கல் மாதிரி இருப்பதை எடு. மஞ்சள் தட்டினால் சிப்ஸ் சிவந்துவிடும்.

தேங்காயெண்ணெய் இங்கே என்னைப் படுத்தின பாடு! குளிர்காலத்தில் ஒரு கடைக்காரர், பூஞ்சை பிடித்திருக்கிறது என்று இருபது பாக்கெட்டைத் திருப்பித் தந்தார். பார்த்தால் சிப்ஸ் மேலே வெள்ளையாக மாவு பூத்தது மாதிரி இருந்தது. ஒரு பாக்கெட்டை ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் பழைய மஞ்சள் திரும்பிவிட்டது. 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். இப்போது சூட்டோடு சூடாக நன்றாக வடியவிட்டுத் தாளில் பரப்புகிறேன். 'குளிரில் எண்ணெய் உறைந்து வெள்ளையாகத் தெரியும், கெட்டுப்போனதல்ல' என்று லேபிளிலும் ஒரு வரி போடுகிறேன்.

கடை அடுப்பின் தீயை இங்கே எதிர்பார்க்காதே. ஒரே நேரத்தில் நிறையக் காய் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடித்துவிடும். கடையில் போடுவதில் நாலில் ஒரு பங்கு போடு. சட்டியை விட்டு நகராதே. மிச்ச எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதே.

உருளி வேண்டாம். பல வீட்டில் கரன்ட் அடுப்புதான், அடி தட்டையாக இருந்தால்தான் சூடு ஏறும். காய் சீவும் கட்டையை மட்டும் கொண்டுவா, அந்த மாதிரி கனம் இங்கே கிடைக்கவில்லை. பிளேடைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வை, கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். வந்ததும் சொல்லு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வா. முதல் ஈட்டை என் அடுக்களையில் போட்டுப் பார்ப்போம்.