தையல் லைனில் ஒருவருக்கொருவர் கைகொடுக்க என்ன வழி?

கேள்வி: டி-ஷர்ட் லைன், 20 பேர். கழுத்துப்பட்டி வைக்கும் இடத்தில் பண்டில் (தைக்க வேண்டிய துணிக் கட்டு) குவிகிறது. அடுத்த மிஷின்காரர் சும்மா இருந்தாலும் உதவ வருவதில்லை.

பதில்: பீஸ் ரேட்டா, அதாவது தைக்கும் பீஸுக்கு இவ்வளவு என்று கூலியா? அப்படியென்றால் உதவுகிறவருக்குத்தான் கூலி குறையும். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அடிப்படைக் கூலியில் கை வைக்காமல், செக்கிங்கில் தேறும் பீஸ்களுக்கு மொத்த லைனுக்கும் சேர்த்து ஊக்கத்தொகை கொடுங்கள்.

இன்னொருவர்: யாருக்கு ஓவர்லாக் (ஓரம் சேர்த்துத் தைக்கும் மிஷின்), யாருக்கு பேட்லாக் (மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் மிஷின்) தெரியும் என்று அட்டவணை ஒட்டுங்கள். கழுத்துப்பட்டிக்கு 3 பேராவது பழகியிருக்க வேண்டும். ஒரு பண்டிலுக்கு 30 பீஸ் என்பதை 10 ஆக்கினால் தப்புத் தையலும் பத்தோடு பிடிபடும்.

கேட்டவர்: வேகமாகத் தைப்பவர்கள் முணுமுணுப்பார்களே?

பதில்: முணுமுணுப்பார்கள். இரண்டாவது மிஷின் தெரிந்தவருக்குத் தனிப்படி கொடுங்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் பலகையில் ஆள்பெயர் வேண்டாம், லைன் எண்ணிக்கை மட்டும் போதும்.