புதுப்பிப்பு: வெள்ளோடு பறவைகள் சரணாலயம், முழங்கால் வலி உள்ள அப்பாவுடன் போய் வந்தோம்

முழங்கால் வலியுள்ள அப்பாவை ஈரோடு அருகேயுள்ள வெள்ளோட்டுக்கு அழைத்துச் செல்லலாமா, எப்போது போனால் பறவைகள் இருக்கும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

தை மாதத்தில், விடிந்ததும் போய்விடுங்கள் என்று பெருந்துறை நண்பர் சொன்னதுதான் கைகொடுத்தது. ஈரோட்டிலிருந்து சென்னிமலை சாலையில் போனோம். குளத்தின் கரையோர நடைபாதை ஏறக்குறைய சமதளம் என்பதால், அப்பா நடந்தும் உட்கார்ந்தும் சிரமமின்றி வந்தார். வெயில் முதுகில் விழும்படி நில்லுங்கள் என்று இன்னொருவர் எழுதியதும் சரியே. எதிர்வெயிலில் நிழலுருவாக மட்டும் தெரிந்த பறவைகள், பக்கம் மாறி நின்றதும் நிறத்தோடு தெரிந்தன.

எதிர்பாராதது கூழைக்கடாக்களின் (பெலிகன் பறவைகளின்) கூடுகள். நீருக்குள் நிற்கும் கருவேல மரமொன்றில், குஞ்சு தன் தலையைக் கழுத்துவரை தாயின் அலகுப்பைக்குள் நுழைத்து மீனை எடுத்துத் தின்றதை இருநோக்கியில் (பைனாகுலரில்) தெளிவாகப் பார்த்தோம். இருநோக்கி இல்லாமல் போகாதீர்கள். கூடுகள் கரையிலிருந்து தள்ளியே இருக்கின்றன.

2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்தச் சுமார் 77 ஹெக்டேர் குளத்தின் பறவைகளுக்காகச் சுற்றுப்புற ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதால், நாமும் அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுவதே முறை. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் குறைந்துவிடும்; கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.