தனுஷ்கோடி இடிபாடுகளைப் படமெடுக்க எந்த நேரம் நல்லது?

கேள்வி:
அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி தேவாலயத்தையும், ரயில் நிலையத்தில் மிஞ்சி நிற்கும் சுவர்களையும் நிதானமாகப் படமெடுக்க ஆசை, ஆனால் எப்போதும் கூட்டம் என்கிறார்கள். எப்போது போகலாம்? டிரோன் எடுத்து வரலாமா?

பதில் 1:
காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் மணலில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில் எல்லாம் வெளிறிப்போகும். தேவாலயச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. சாய்ந்த வெயில் விழுந்தால்தான் அந்தக் கல்லின் துளைகளும் வரிகளும் தனித்தனியாகத் தெரியும், கிட்டப்போய் எடுங்கள். இருட்டும் வரை இருக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கு முன்பே போலீஸ் திருப்பி அனுப்பிவிடும்.

பதில் 2:
டிரோன் வேண்டவே வேண்டாம் சார். இலங்கைக் கடல் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வம்புதான்.

பதில் 3:
லென்ஸில் மணல் படிந்தால் துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் புளோயரால் ஊதிவிட்டு, அப்புறம் லேசாகத் துடையுங்கள். இன்னொன்று, அது ஆளில்லாத ஊர் இல்லை. மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள், கேட்டுவிட்டு எடுங்கள். சுவர்மேல் ஏறி போஸ் கொடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கிற கல் அது.