பாஸ்போர்ட் முதலா, அடையாள அட்டை முதலா? திருமணப் பெயர் மாற்றத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்

கணவர் வேறு நாட்டவர். பதிவுத் திருமணம் அவருடைய நாட்டில், போன வருடம். இப்போது குடியிருப்பதும் அங்கேயேதான். அவர் குடும்பப் பெயரை என் பெயரோடு சட்டப்படி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் இங்கே குடியிருப்பு அட்டையை மாற்றப் போனால் "பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் போடுவோம்" என்கிறார்கள், சரி என்று என் நாட்டுத் தூதரகத்தில் கேட்டால் புதுப் பெயரில் ஏதாவது ஓர் அடையாள ஆவணம் கொண்டு வரச் சொல்கிறார்கள். அது இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்!

திருமணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணம் அசல்தான் என்று இன்னொரு நாட்டுக்குக் காட்டும் சான்று) வாங்கியாயிற்று (இரண்டு நாடுகளும் அதற்கான 1961 ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன), அங்கீகாரம் பெற்றவரிடம் மொழிபெயர்ப்பும் முடிந்தது. சிக்கல் சான்றிதழிலேயே இருக்கிறது. 'திருமணத்துக்குப் பின் பெயர்' என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறார்கள், தூதரகத்தில் விரலை வைத்துக் காட்டியது அந்தக் கோட்டைத்தான். அப்போஸ்டில் கையெழுத்தும் முத்திரையும் அசல் என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே இல்லாததை அது தராது. வக்கீல் ஒருவரிடமும் கேட்டேன், அவருக்கு இந்த நாட்டுச் சட்டம் மட்டும்தான் தெரிகிறது.

விசா புதுப்பிக்கும் நேரம் வேறு நெருங்குகிறது, பழைய பெயரில் எடுத்த விமான டிக்கெட்டும் கையில் இருக்கிறது, அதனால் பாதியில் பாஸ்போர்ட் மாறினாலும் தொல்லை.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: திருமணம் பதிவான அலுவலகத்திலேயே தனியாகப் பெயர் அறிவிப்புச் சான்று வாங்கினீர்களா, இல்லை சொந்த நாட்டில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டை மாற்றினீர்களா?