போஸ்டரைப் படிக்க முடியவில்லை என்கிறார் கைடு, எந்த ஃபான்ட் நல்லது?

மண்புழு_97:
அவசரம். திங்கள்கிழமை கருத்தரங்கில் என் ஆய்வைப் போஸ்டராக வைக்க வேண்டும். கைடு போஸ்டரைப் பார்த்துவிட்டு "இதை யார் நின்று படிப்பார்கள்" என்று திருப்பிவிட்டார். எழுத்தைச் சிறிதாக்கினால்தான் எல்லாம் உள்ளே அடங்குகிறது. தெளிவாகத் தெரிகிற தமிழ் ஃபான்ட் சொல்லுங்கள்.

கட்டம்போட்ட சட்டை:
என்ன அளவு? நிற்கும் வாக்கா, படுத்த வாக்கா? எதில் செய்கிறீர்கள்?

பாலபாடம்:
அளவெடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வது போல இருக்கிறது. இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, மன்றத்தின் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் கை வருவதில்லை.

ஓரக்கண்:
பின்னணியில் மங்கலாக ஒரு படம் போட்டிருப்பீர்கள், பந்தயம். அதைத் தூக்கினாலே பாதி சரியாகிவிடும்.

மண்புழு_97:
ஏ0, நிற்கும் வாக்கு. பவர்பாயின்ட். சுமார் 1,400 சொற்கள். ஆமாம், படம் இருக்கிறது, எப்படித் தெரிந்தது? ஸ்லைடு அளவை மாற்றவில்லை, அச்சுக் கடையில் பெரிதாக்கிக்கொள்வார்கள்தானே.

கட்டம்போட்ட சட்டை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! வழக்கமான ஸ்லைடு 16:9, படுத்த வாக்கு. நிற்கும் ஏ0-வில் அது எப்படிப் பொருந்தும்? ஸ்லைடு அளவில் 84.1 × 118.9 செ.மீ. என்று போடுங்கள், பவர்பாயின்ட் 142 செ.மீ. வரை ஏற்கும். அப்புறம் அதை ஒரு ஏ4 தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துப் படியுங்கள். ஏ0 நான்கு மடங்கு அகலம், அதனால் 24 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து அந்தத் தாளில் 6 புள்ளியாக வரும். அதைப் படிக்கத் திணறினால் போஸ்டரையும் யாரும் படிக்கப் போவதில்லை. சொற்களை 400-க்குள் கொண்டு வாருங்கள், முறையியல் பகுதியை வெட்டி ஒரு வரைபடம் போடுங்கள். தமிழில் சொற்கள் நீளம், பக்கவாட்டில் ஒடுங்கிய நான்கு பத்தி வைத்தால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும். நிற்கும் வாக்குக்கு இரண்டு பத்தி போதும். வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் 'கு', 'மு' கால்கள் கீழ் வரியின் 'கி', 'கீ' கொக்கியில் இடிக்கும்.

அச்சுமை:
யூனிகோடு அல்லாத பாமினி ஃபான்டில் அடித்துக் கொடுங்கள், கடைக்காரருக்கு அதுதான் பழக்கம். இணையத்தில் நாம் எழுதும் யூனிகோடு எழுத்தைப் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று போய்விடும்.

பாலபாடம்:
2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றாயிற்று, இன்னும் பாமினியா? பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் கடைக்காரர் எதையும் ஒட்டவே வேண்டாம்.

அச்சுமை:
அரசாணையைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், அச்சடித்துத் தருகிறாரா பார்ப்போம். கடைசி நேரத்தில் ஒரு எழுத்துப்பிழை திருத்தச் சொன்னால் உங்கள் பிடிஎஃப் என்ன செய்யும்?

பாலபாடம்:
வீட்டுக்குப் போய்த் திருத்திக்கொண்டு வர வேண்டும். பிழை பார்க்காமல் அச்சுக்குப் போனது யார் குற்றம்?

கட்டம்போட்ட சட்டை:
இதற்குத் தனி இழை தொடங்குங்களேன், பாவம் அவர்.

மண்புழு_97:
380 சொல்லில் முடித்தேன். ஏ4-இல் படிக்க முடிகிறது. கைடு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். நன்றி.

ஓரக்கண்:
படம் போயிற்றா இல்லையா?

அச்சுமை:
எந்த ஃபான்ட் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே.